துணிந்து புறப்பட்டவர்கள்

சங்கக் கணக்குப் பரிசோதனையின் பொருட்டு மேலூர்ப் பக்கம் சென்றிருந்தபோது, அங்கத்தினர் ஒருவரின் மகன் நம்மிடம் ஒரு குறை கூறினான். கல்லூரியில் படிப்பவன். சாகசம் என்பது எவரெஸ்ட் சிகரம் ஏறுவோர்க்கே உரியது. நெல்லும் வாய்க்காலுமாக உள்ள நம் ஊரில் அதற்கு ஏது இடம் என்றான். அப்பொழுது நாம் நின்றது பெரியாற்றுக் கால்வாயின் கரையிலே!

அத்தண்ணீர் வந்த வழியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மேற்கே ஓடிக் கடலில் கலந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கு மேற்பட்ட சுரங்கம் அமைத்து, கிழக்கே வைகைக்குத் திருப்பும் வேலை 1887-ல் தொடங்கி 1895-ல் முடிவுற்றது. அதனை நடத்தியவர் பென்னிகுயிக் என்னும் பொறியாளர். அவர் தம் சொத்தை விற்று அணை கட்டினார் என்பது செவிவழிச் செய்தி. அதை நாம் ஆதாரமாகக் கொள்ளவில்லை. அஃதில்லாமலே அவர் பெருமை நிற்கும்.

நம் சிந்தையைக் கவர்வோர் வேறு சிலர். அணைக்கு வேண்டிய தளவாடங்கள் இரயிலில் அம்மையநாயக்கனூர் வரைதான் வந்தன. அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வழியாக மலையடிவாரம் வரை அவற்றை இழுத்துச் சென்றவை மாட்டுவண்டிகளே. மேலே காடு, காய்ச்சல், காலரா. வெள்ளம் வந்தால் பாடுபட்டுக் கட்டியதை அடித்துக்கொண்டு போகும், மறுபடியும் கட்டுவார்கள். மாண்டோர் பலர். வண்டிக்காரரும் கொத்தரும் புகழுக்காகப் போகவில்லை, கூலிக்காகப் போனார்கள். 1876-78 பஞ்சத்தைக் கண்ட தலைமுறை அது. வீட்டில் அடுப்பு எரியவேண்டும் என்று புறப்பட்டதனால் அவர்கள் துணிவின் மதிப்புக் குறையுமா? கூடும் என்றே நாம் கருதுகிறோம். விருப்பத்துக்கு மலை ஏறுகிறவன் வேண்டாமென்றால் இறங்கிவிடலாம். இவர்களுக்கு அவ்வசதி ஏது?

நெசவாளர்களுக்கும் இத்தகைய பிரயாணம் புதிதன்று. மதுரைச் சௌராஷ்டிரரின் முன்னோர் குஜராத்திலிருந்து புறப்பட்டு, விஜயநகர நாட்டில் தங்கி, பின்னர் மதுரை வந்து தறி நாட்டியவர்கள். கைத்தொழில் ஒன்றே அவர்கள் கொண்டுவந்த முதல்.

மாணவனிடம் நாம் சொல்ல மறந்த செய்தி ஒன்று உண்டு. மதுரையை அடுத்த ஒரு சங்கத்திலிருந்து டில்லிக் கண்காட்சிக்குச் சுங்குடிச் சேலைகள் 60 அனுப்பவேண்டியிருந்தது. வழக்கமாகச் செல்பவர் நோயுற்றார். முடிச்சுக் கட்டும் அங்கத்தினரான ஓர் அம்மையார் தாம் போவதாகக் கூறினார். பழனிக்கு அப்பால் அவர் சென்றதில்லை, இந்தியும் அறியார். சரக்குப் போனால் யார் ஈடு செய்வது என்று இயக்குநர்கள் தயங்கினர். தயக்கம் நியாயமானதே, அச்சேலைகளில் பத்து வீட்டுக் கூலி அடங்கியிருந்தது.

“முடிச்சுப் போடுகிறவளுக்கு விலை சொல்லத் தெரியாதா, அண்ணே?” என்றாராம்.

இரயிலில் இரண்டு இரவு. வழியெல்லாம் இந்தி எண்களை உருப்போட்டிருக்கிறார். முதல் நாளே ஒரு மொத்த வியாபாரி, எல்லாவற்றையும் பாதி விலைக்குக் கேட்டான். இரண்டு நாள் விற்பனை மந்தம். ஊருக்குப் பேசிக் கேட்கவுமில்லை, சரக்கைக் கொடுக்கவுமில்லை. மூன்றாம் நாள் முதல் ஒவ்வொன்றாகப் போயின.

மீந்த ஆறு சேலைகளையும் கணக்கையும் நாமே சரிபார்த்தோம். சாப்பாட்டுச் செலவு மிகக் குறைவாக இருக்கவே, காரணம் வினவினோம். புளியோதரை கட்டிக்கொண்டு போனாராம். அடுத்த ஆண்டுக்கும் தம் பெயரையே எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, முடிச்சுக் கட்ட உட்கார்ந்துவிட்டார்.