தானுந்து இயக்குபட்டை

தானுந்து இயக்குபட்டை என்பது தானுந்துப் பொறியின் கிராங்க் தண்டில் கிடைக்கும் சுழற்சியைப் பொறியின் துணைக் கருவிகளுக்குக் கடத்தும் வளைய வடிவ இரப்பர்ப் பட்டை ஆகும். ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், பவர் ஸ்டியரிங் பம்ப், ஏசி கம்ப்ரசர் ஆகியன இவ்வாறு இயக்கப்படும் கருவிகளுள் முதன்மையானவை. பேச்சு வழக்கில் இது ஃபேன் பெல்ட் எனப்படுகின்றது. அம்பாசடர் போன்ற பழைய தானுந்துகளில் ரேடியேட்டர் விசிறியும் இப்பட்டையாலேயே சுழன்றது. பிற்காலத் தானுந்துகள் பலவற்றில் விசிறி தனி மின்மோட்டாரால் இயங்கினாலும் பழைய பெயர் நிலைத்துவிட்டது.

இப்பட்டை தேய்ந்து மாற்றப்பட வேண்டிய ஒரு பாகமாகும். மாற்றுப் பட்டையானது வடிவம், வரிகளின் எண்ணிக்கை, நீளம், கட்டமைப்பு ஆகிய நான்கிலும் பழைய பட்டையுடன் பொருந்த வேண்டும். இவற்றுள் ஒன்று மாறினாலும் பட்டை விரைவில் கெடுவதுடன், அது இயக்கும் கருவிகளும் பழுதடையக்கூடும்.

டைமிங் பெல்ட்டிலிருந்து வேறுபாடு

இயக்குபட்டையும் டைமிங் பெல்ட்டும் வெவ்வேறானவை. டைமிங் பெல்ட் பொறியின் மூடிக்குள் அமைந்து, கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் ஒத்திசைவாகச் சுழற்றுகின்றது. அதன் உட்புறத்தில் குறுக்குவாட்டில் பற்கள் இருக்கும். இயக்குபட்டை மூடிக்கு வெளியே கண்ணுக்குத் தெரியும்படி அமைந்திருக்கும். அதில் பற்களுக்கு மாறாக நீளவாட்டில் வரிகள் இருக்கும். சில பொறிகளில் தண்ணீர் பம்ப்பை டைமிங் பெல்ட்டே இயக்குகின்றது. எனவே எந்தப் பட்டை எக்கருவியை இயக்குகின்றது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

இயங்கும் விதம்

இயக்குபட்டை உராய்வினால் இயங்குகின்றது. கப்பியொன்றைப் பட்டை எவ்வளவு கோணத்திற்குத் தழுவியுள்ளதோ, எவ்வளவு இழுவிசையுடன் அழுத்துகின்றதோ, அதற்கேற்பவே அது வழுக்காமல் ஆற்றலைக் கடத்த முடியும். ஆல்டர்னேட்டரின் கப்பி சிறியது. கிராங்க் தண்டைப் போல் ஏறத்தாழ 2 முதல் 3 மடங்கு வேகத்தில் சுழல்வது. சிறிய கப்பியில் பட்டை தொடும் பரப்புக் குறைவு என்பதால் இழுவிசை குறையும்போது பெரும்பாலும் அங்கேயே வழுக்கல் தொடங்கும்.

வகைகள்

வி-பட்டை: இதன் குறுக்குவெட்டு ஆங்கில எழுத்தான வி போன்றது. பட்டையின் இரு பக்கச் சுவர்களும் கப்பியின் காடியில் ஆப்புப்போல் இறுகுவதால் பிடிப்புக் கிடைக்கின்றது. பட்டையின் அடிப்பகுதி காடியின் அடியைத் தொடக்கூடாது. தொட்டால் பக்கச் சுவர்களின் பிடிப்புக் குறைந்து வழுக்கும்.

பல்வரிப் பட்டை: இது தட்டையான முதுகையும், உட்புறத்தில் நீளவாட்டில் அமைந்த பல சிறிய வி வடிவ வரிகளையும் கொண்டது. மெல்லியதாக இருப்பதால் எளிதில் வளையும். முதுகுப் பக்கத்தாலும் கப்பிகளைச் சுழற்றும். இதனால் ஒரே பட்டை பாம்புபோல் வளைந்து சென்று எல்லாத் துணைக் கருவிகளையும் இயக்க முடிகின்றது. 1979 ஆம் ஆண்டின் ஃபோர்ட் மஸ்டாங் இம்முறையைப் பயன்படுத்திய தொடக்ககாலத் தானுந்துகளுள் ஒன்று.

மீள்தன்மைப் பட்டை: இதுவும் பல்வரிப் பட்டையே. ஆனால் உள்ளிருக்கும் இழைகள் சற்று நீளக்கூடியவை. டென்ஷனர் எனப்படும் இழுவிசை தரும் கப்பி இல்லாத பொறிகளில் இது பயன்படுகின்றது. இதனை மாட்டுவதற்குத் தனிக் கருவி தேவை.

பட்டையில் உள்ள எண்கள்

பெரும்பாலான பட்டைகளின் முதுகில் அவற்றின் அளவு அச்சிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, 6பிகே1750 என்னும் குறியீட்டின் பொருள் வருமாறு:

• 6 - வரிகளின் எண்ணிக்கை.
• பிகே - தானுந்துகளுக்கான வரி வடிவம். அடுத்தடுத்த இரு வரிகளின் மையங்களுக்கு இடையேயான தொலைவு 3.56 மி.மீ. ஆகும். எனவே 6 வரிப் பட்டையின் அகலம் ஏறத்தாழ 21 மி.மீ.
• 1750 - பட்டையின் பயனுறு நீளம், மி.மீ. அளவில்.

இரு பக்கமும் வரிகள் கொண்ட பட்டைகளில் பிகே என்பதற்கு முன் டி என்ற எழுத்துச் சேர்க்கப்படும். வி-பட்டைகளில் 10×900 போன்ற குறியீடு காணப்படும். இதில் முதல் எண் மேற்புற அகலத்தையும் அடுத்த எண் நீளத்தையும் மி.மீ. அளவில் குறிக்கும். சில நிறுவனங்கள் அங்குல அளவையோ தமக்கே உரிய பாக எண்ணையோ பயன்படுத்துகின்றன. அத்தகைய எண்ணை மி.மீ. என எண்ணிக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மாற்றுப் பட்டையைத் தேர்ந்தெடுத்தல்

வண்டியின் பெயரையும் ஆண்டையும் மட்டும் கூறிப் பட்டை வாங்குவது போதுமானதன்று. ஒரே பெயர் கொண்ட வண்டியில் பெட்ரோல், டீசல் பொறிகளுக்கு வெவ்வேறு பட்டைகள் இருக்கும். ஏசி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் பட்டை செல்லும் பாதை வேறு. ஆகவே நீளமும் வேறு. பவர் ஸ்டியரிங்கை மின்மோட்டார் இயக்கும் வண்டிகளில் அதற்கான கப்பியே இராது. எனவே பொறியின் வகை, துணைக் கருவிகள் ஆகிய விவரங்களைக் கொண்டு கையேட்டிலோ உற்பத்தியாளரின் பட்டியலிலோ பாக எண்ணைக் கண்டு, அதனைப் பழைய பட்டையின் எண்ணுடன் ஒப்பிடுதல் நன்று. இரண்டும் முரண்பட்டால் முன்னர் மாட்டப்பட்ட பட்டையே தவறானதாக இருக்கவும் கூடும்.

வரிகளின் எண்ணிக்கை: 6 வரிப் பட்டைக்கு மாற்றாக 5 வரிப் பட்டையை மாட்டினால் ஒவ்வொரு வரியும் தாங்கும் சுமை 20 விழுக்காடு கூடும். கப்பியின் காடிகளைவிட வரிகள் மிகுந்திருந்தால் ஓர வரி வெளியே தொங்கிக் கிழியும். சில கப்பிகளில் தேவைக்கு மேற்பட்ட காடி ஒன்று இருப்பதுண்டு. ஆகவே கப்பியின் காடிகளை மட்டும் எண்ணி முடிவு செய்யக்கூடாது.

நீளம்: தானியங்கி டென்ஷனர் சிறிய நீள வேறுபாட்டை ஈடுசெய்யும், ஆனால் அதன் நகர்வுக்கு எல்லை உண்டு. பட்டை டென்ஷனர் கப்பியை அரை வட்டம் தழுவிச் செல்லுமாயின், 20 மி.மீ. கூடுதல் நீளத்தை ஈடுசெய்ய அக்கப்பி 10 மி.மீ. நகர வேண்டும். புதிய பட்டையை மாட்டும்போதே டென்ஷனர் தன் எல்லையை எட்டிவிட்டால், பட்டை தேயும்போது அதனை இறுக்க இடம் இராது. பல டென்ஷனர்களில் சரியான எல்லையைக் காட்டும் குறிகள் உள்ளன. முள் அக்குறிகளுக்கு இடையே நிற்க வேண்டும். மிகக் குட்டையான பட்டையை நெம்பி ஏற்றுவது உள்ளிழைகளை அறுக்கும். ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப் ஆகியவற்றின் பேரிங்குகளையும் கெடுக்கும்.

கட்டமைப்பு: மீள்தன்மைப் பட்டை இருந்த இடத்தில் சாதாரணப் பட்டையை மாட்டக்கூடாது. அங்கு இழுவிசையைத் தருவது பட்டையே. சாதாரணப் பட்டை அதனைத் தராது. அதுபோலவே டென்ஷனர் உள்ள பொறிக்கு மீள்தன்மைப் பட்டை ஏற்றதன்று.

எண் அழிந்திருந்தால்: பழைய பட்டையின் வரிகளை எண்ணி, அதன் வெளிச்சுற்றளவை நூலால் அளக்கலாம். இவ்வளவு தோராயமானதே. அச்சிடப்படும் பயனுறு நீளம் வெளிச்சுற்றளவைவிடச் சற்றுக் குறைவானது. பட்டை அறுந்து தொலைந்துவிட்டால், டென்ஷனரை அதன் நகர்வின் நடுவில் நிறுத்தி, பட்டை செல்லும் பாதையில் நூலைச் சுற்றி அளக்கலாம். இவ்வாறு கிடைக்கும் நீளம் பட்டியலில் உள்ள அளவைச் சரிபார்க்க மட்டுமே உதவும்.

தவறான பட்டையின் விளைவுகள்

பட்டை வழுக்கினால் முதலில் பேட்டரி போதிய மின்னேற்றம் பெறாது. தண்ணீர் பம்ப்பும் அதே பட்டையில் இயங்குமாயின், குளிர்நீரின் ஓட்டம் குறைந்து பொறி மிகையாகச் சூடேறும். அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளையவும், ஹெட் கேஸ்கட் கெடவும் கூடும். பட்டையால் இயங்கும் பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியில் பட்டை அறுந்தவுடன் ஸ்டியரிங் மிகவும் கடினமாகும். காற்றால் குளிரும் பொறி கொண்ட பழைய வோக்ஸ்வாகன் பீட்டிலில் மின்னாக்கியையும் குளிர்விக்கும் விசிறியையும் ஒரே பட்டை இயக்கியது. அதில் மின்னேற்ற விளக்கு எரிந்தால் உடனே வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. பட்டையால் இயங்கும் தண்ணீர் பம்ப் உள்ள எந்த வண்டிக்கும் இது பொருந்தும்.

மாற்ற வேண்டிய நிலை

நியோப்ரீன் இரப்பரால் ஆன பழைய வகைப் பட்டைகளில் முதுமையின் அடையாளம் குறுக்கு வெடிப்புகள் ஆகும். தற்காலப் பட்டைகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்னும் இரப்பரால் ஆனவை. இவை எளிதில் வெடிப்பதில்லை. டயரைப்போல் பொருள் இழந்து தேய்கின்றன. எனவே வெடிப்பு இல்லை என்பதால் மட்டும் பட்டை நன்றாக உள்ளது எனக் கொள்ள முடியாது. வரிகளுக்கு இடையேயான பள்ளத்தின் ஆழத்தை அதற்கான அளவுகோலால் சோதிக்க வேண்டும்.

எண்ணெயோ குளிர்நீரோ பட்ட பட்டையை மாற்றுவதுடன் கசிவையும் சரிசெய்தல் வேண்டும். கப்பிகள் ஒரே தளத்தில் உள்ளனவா, டென்ஷனரின் பேரிங் இரைச்சலின்றிச் சுழல்கின்றதா என்பவற்றைப் பார்க்காமல் பட்டையை மட்டும் மாற்றினால் புதிய பட்டையும் விரைவில் கெடும். பழைய பட்டையைக் கழற்றுமுன் அது செல்லும் பாதையை வரைந்து வைத்துக்கொள்வது பயனுள்ளது. முதுகால் இயங்க வேண்டிய கப்பியில் வரிப்பக்கம் படுமாறு மாட்டினால், தண்ணீர் பம்ப் எதிர்த்திசையில் சுழலக்கூடும். இப்பணிகள் அனைத்தையும் பொறியை நிறுத்திச் சாவியை எடுத்த பின்னரே செய்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

• கப்பி
• உராய்வு
• ஆல்டர்னேட்டர்
• டைமிங் பெல்ட்
• உள் எரி பொறி