பிஸ்கட் டின்னுக்குள் உறங்கும் ஸ்வெட்டர்

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டை ஒருமுறை துழாவிப் பாருங்கள். பழைய பிஸ்கட் டின் ஒன்று கிடைக்கும். மூடியைத் திறந்தால் பிஸ்கட் இருக்காது. நூல்கண்டு, உதிரிப் பொத்தான்கள், துருப்பிடித்த கத்தரிக்கோல். அவற்றுக்கு அடியில், இரண்டு நீண்ட ஊசிகளில் தொங்கியபடியே பாதி ஸ்வெட்டர். ‘தீபாவளி கழியட்டும், முடித்துவிடலாம்’ என்று வைத்தது. அதற்குப் பிறகு எத்தனை தீபாவளி வந்து போயிற்றோ!

“நெகிரி செம்பிலான் வெயிலில் ஸ்வெட்டர் எதற்கு டீச்சர்?” என்று இளம்பெண்கள் சிரிக்கக்கூடும். நம் தோட்டப்புறங்களில் விடியற்காலையில் வெப்பம் 23 பாகைக்கு இறங்குவது சாதாரணம். வெள்ளைக்காரனுக்கு அது வெயில். பகலெல்லாம் வியர்த்துப் பழகிய நம் உடம்புக்கு அது குளிர். நான்கு மணிக்கு எழுந்து, பெரட்டுக்குப் போய், பனி சொட்டும் பால்மரக் காட்டுக்குள் சைக்கிள் மிதித்தவர்களைக் கேளுங்கள். விடிய விடிய ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்த ஜாகாக்களைக் கேளுங்கள். இருட்டிலேயே ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிச் செல்லப்பட்ட கைக்குழந்தைகளுக்குப் பேச வந்திருந்தால் அவர்களும் சொல்லியிருப்பார்கள். ஆட்டு ரோமத்தில் நூற்ற உல்லன் நூலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொண்ட பிறகும் தொட்டால் நனைந்ததுபோல் தெரியாது. பனிக்காற்றுக்கு அதைவிட நல்ல துணை எது? மரம் வெட்டும்போது மட்டும் கழற்றி வைத்துவிட வேண்டும். பால் பட்டு உறைந்துவிட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது!

பெரும்பாலும் கிராணி வீட்டம்மாக்களிடமும், டிரெஸர் வீட்டம்மாக்களிடமும் எங்கள் பக்கத்துப் பெண்கள் இந்த வேலையைக் கற்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட ‘நிட்’, ‘பர்ல்’ என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே பின்னியதை நான் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். எவ்வளவு சிங்காரமான ஸ்வெட்டரானாலும் அடிப்படையில் அந்த இரண்டு கண்ணிகள்தாம். மற்றதெல்லாம் எண்ணிக்கை.

எண்ணிக்கை என்றதும் ஆசிரியைப் புத்தி சும்மா இருக்குமா? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்பளவு 100 சென்டிமீட்டர், நீளம் 65 சென்டிமீட்டர் உள்ள ஓர் ஆண்பிள்ளை ஸ்வெட்டர். நடுத்தர நூலில் 10 சென்டிமீட்டர் அகலத்துக்கு 20 கண்ணி, அதே உயரத்துக்கு 28 வரிசை. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து, கழுத்து வெட்டும் கைக்குழியும் போக, சுமார் 35,000 கண்ணிகள். கை ஒன்றுக்குச் சுமார் 7,500. ஆக மொத்தம் 50,000! நிமிடத்துக்கு 20 கண்ணி என்று நிதானமாகப் பின்னினால் 42 மணி நேரம். தினமும் அரை மணி ஒதுக்கினால் 84 நாள். மூன்று மாதம்கூட இல்லை.

அப்படியானால் இருபது வருடம் ஏன் கிடக்கிறது? சோம்பல் என்று சொல்பவர்கள் தோட்டத்துப் பெண்ணின் ஒரு நாளைப் பார்க்காதவர்கள். மரம் வெட்டி, மங்குகளில் பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து, வீடு திரும்பித் துணி துவைத்து, உலை வைத்து, பிள்ளைகளைப் படிக்க உட்கார வைத்தவளுக்கு அந்த அரை மணி எங்கிருந்து வரும்? வந்த அரை மணியிலும் கண் சொக்கும். இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். வேலை நிற்பது பெரும்பாலும் இரண்டாவது கையில்தான். முன்பக்கம், பின்பக்கம், முதல் கை எல்லாம் ஆசையோடு ஓடும். ‘இன்னும் ஒன்று, அதேபோல’ என்னும்போது மனம் விலகிக்கொள்ளும். அந்த ஒரு கைக்கு 7,500 கண்ணி. அரை மணி வீதம் 13 நாள். இதைச் சொன்னால் பலர் நம்ப மறுக்கிறார்கள்.

சரி, டின்னைத் திறந்துவிட்டீர்கள். உடனே ஊசியை ஓட்டாதீர்கள். முதலில் பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். உல்லனைத் தின்பது பறக்கும் அந்துப்பூச்சி அல்ல, அதன் புழு. சந்தேகம் இருந்தால் துணியையும் நூலையும் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஐஸ்பெட்டியின் உறையும் தட்டில் இரண்டு வாரம் வைத்தால் புழு சாகும். அடுத்து, ஊசியிலேயே வருடக்கணக்காகத் தொங்கிய கண்ணிகள் இழுபட்டுப் போயிருக்கும், கோடு விழும். ஓரிரு வரிசையைப் பிரித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. பிரித்த நூல் சுருண்டு நிற்கிறதா? வளையமாகச் சுற்றி நான்கு இடத்தில் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து நிழலில் தொங்கவிடுங்கள், நிமிர்ந்துவிடும். எங்கே நிறுத்தினோம் என்று தெரியாவிட்டால், முடிந்த கையின் மேல் முடியாத கையை விரித்து வரிசையை எண்ணினால் போதும். இருபது வருடத்தில் உங்கள் கையும் மாறியிருக்கும். சின்னதாக ஒரு சதுரம் பின்னி, பழைய துணியோடு வைத்து எண்ணிப் பாருங்கள். அதே அகலத்தில் கண்ணி கூடுதலாக விழுந்தால் உங்கள் கை இறுகிவிட்டது. சற்றுப் பருத்த ஊசியை எடுங்கள்.

நூல் போதாவிட்டால்தான் சங்கடம். உருண்டையைச் சுற்றியிருக்கும் காகிதப் பட்டையில் சாய எண் அச்சிட்டிருப்பார்கள். அந்த எண் மாறினால் அதே நிறமும் வேறு நிறமாகத் தெரியும். பழைய சாயத்தைத் தேடிக் கடைகடையாக அலைவதைவிட, கழுத்துப் பட்டையை வேறு நிறத்தில் பின்னிவிடுவது புத்திசாலித்தனம். யாருக்குப் பின்னினோமோ அந்தக் குழந்தை இன்று வேலைக்கே போய்விட்டதா? அதற்கும் வழி உண்டு. கத்தரித்த துணியை ஒட்ட முடியாது. பின்னலை முழுக்கப் பிரித்து வேறு அளவில் மறுபடி பின்னலாம்.

பின்னியவரே போய்விட்டால்? அமெரிக்காவில் ஜென் சிமோனிக், மேசி கேப்லன் என்ற இரு தோழியரின் கண்ணில் இது பட்டது. அவர்களுடைய சிநேகிதியின் தாயார் போர்வைப் பின்னல் வேலையை முடிக்காமலே காலமானார். அதை ஒட்டித்தான் 2022-ஆம் ஆண்டில் ‘லூஸ் எண்ட்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இறந்தவர்களோ, நோயால் கை ஓய்ந்தவர்களோ விட்டுவைத்த ஸ்வெட்டர், போர்வை, தையல் வேலைகளை அந்தக் குடும்பத்துக்கு முன்பின் தெரியாத ஒருவர் கூலி வாங்காமல் முடித்துக் கொடுப்பார். கூடியவரை பக்கத்து ஊர்க்காரரையே தேடிப் பிடித்துச் சேர்த்துவைக்கிறார்கள். இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் இதற்குப் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

வேறு ஒருவர் கை அதே துணியில் பொருந்துமா என்று கேட்பீர்கள். சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் என்ற அம்மையார் கூட்டிய பெண்கள் குழு, 2016 ஜனவரி 31 அன்று 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை செய்தது. அது இரட்டை ஊசி வேலை அல்ல, ஒற்றைக் கொக்கியால் பின்னும் குரோஷா. இருந்தாலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தத்தம் வீட்டில் பின்னிய சதுரங்கள் அதில் ஒன்றாகச் சேர்ந்தன. அளவு ஒத்துப்போனால் கைகள் ஒத்துப்போகும் என்பது என் கட்சி.

எங்கள் பக்கமும் ஒரு வேலை முடிந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்த ஒரு தோட்டத்தில் ராத்திரி ஜாகாவாக இருந்தவருக்காக, அவர் மனைவி 1998-இல் சாம்பல் நிற உல்லனில் தொடங்கிய ஸ்வெட்டர் அது. பிறகு லயத்தை விட்டுச் சிரம்பான் பக்கம் தாமான் வீட்டுக்குக் குடிபோனார்கள். டின்னும் கூடவே போயிற்று, திறக்கப்படவில்லை. பாட்டிக்கு இப்போது கண்ணில் புரை. விரல் மூட்டுகளில் வீக்கம். என்னிடம் படித்த அவர் பேத்தி, படிவம் மூன்று மாணவி, டின்னோடு என்னிடம் வந்தாள். நான் ஊசி பிடிக்கக் காட்டிக்கொடுத்தேன். ஆனால் அந்த ஸ்வெட்டரின் கணக்கு எனக்குத் தெரியாது. அது எந்தக் காகிதத்திலும் இல்லை, பாட்டியின் மனதில் மட்டும் இருந்தது.

ஆகவே பேத்தி பாட்டியின் காலடியில் உட்கார்ந்தாள். “ஆறு வரிசைக்கு ஒருதரம் ரெண்டு ஓரத்திலயும் ஒவ்வொரு கண்ணி கூட்டணும் கண்ணு. அவருக்குப் புஜம் பெருசு” என்று பாட்டி சொல்லச் சொல்ல, அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். பார்வை மங்கினாலும் பாட்டி விரலால் தடவியே தப்புக் கண்ணியைக் கண்டுபிடித்துவிடுவார். “பாட்டி, இதுல என்ன தெரியுது உங்களுக்கு?” என்று பிள்ளை சிணுங்கும். பிரிக்கத்தான் வேண்டும். என் கணக்குப்படி 13 நாள். புதுக்கை அல்லவா, இரண்டு மாதம் ஆயிற்று. உருண்டைகளில் ஒன்றைப் பூச்சி அரித்திருந்ததால் கழுத்துப் பட்டைக்குக் கருநீல நூல் வாங்கினோம்.

இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். பாட்டியின் கை தளர்வாக, மெத்தென்று. பேத்தியின் கை இறுக்கமாக, பலகைபோல. பிரித்துத் திரும்பப் பின்னலாமா என்று அவள் கேட்டாள். பாட்டி வேண்டாம் என்றுவிட்டார்.

தாத்தாவுக்கு ஜாகா வேலை போய் எத்தனையோ வருடம். பாசார் மாலாமில் சில பத்து வெள்ளிக்கு மெஷின் ஸ்வெட்டர் கிடைக்கும்போது இத்தனை பாடு தேவையா என்று மகன் கேட்டாராம். தாத்தா பதில் சொல்லவில்லை. மின்விசிறிக்கு நேராக நாற்காலியை இழுத்துப் போட்டு, ஸ்வெட்டரோடு உட்கார்ந்துகொண்டார். கழுத்தைக் கொஞ்சம் பிடிக்கிறதென்று மட்டும் குறை சொன்னாராம்.

மீதமிருந்த கருநீல நூலில் பேத்தி இப்போது குல்லாய் ஒன்று தொடங்கியிருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். எட்டு வரிசை ஆகியிருக்கிறது.