அழித்தாலும் அழியாத பூட்டு

செல்போன் சர்வீஸ் கடைகளில் அடிக்கடி நடப்பதுதான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு விற்ற பழைய போனை யாரிடமோ மலிவாக வாங்கிய ஒருவர் கொண்டுவந்து நீட்டுவார். கடைக்காரர் ஆன் செய்து, மொழியைத் தேர்ந்தெடுத்து, வைஃபையில் இணைப்பார். அதற்குமேல் போன் நகராது. ஏற்கெனவே இதில் இருந்த கூகுள் கணக்கைப் போடு என்று நிற்கும். "ஜிமெயில் லாக் விழுந்திருக்குண்ணே. வித்தவரையே கேளுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

எல்லாவற்றையும் அழித்த பிறகும் போனுக்குப் பழைய ஆள் எப்படி ஞாபகம் இருக்கிறது?

இன்றைய போன்கள் படங்களையும் செய்திகளையும் சங்கேதமாக மாற்றித்தான் சேமிக்கின்றன. எல்லாவற்றையும் அழிக்க ஃபேக்டரி ரீசெட் செய்யும்போது அவற்றைப் படிக்க உதவும் சாவியையே போன் அழித்துவிடுகிறது. பிறகு எஞ்சுவது யாராலும் படிக்க முடியாத குப்பை.

ஆண்ட்ராய்டில் ரீசெட்டுக்கு இரண்டு வழிகள். ஒன்று, செட்டிங்ஸுக்குள் போய்ச் செய்வது. அங்கே பின் நம்பரைக் கேட்கும். அதைச் சரியாகப் போட்டால், உரிமையாளரே சம்மதித்துவிட்டார் என்று கணக்கின் அடையாளத்தையும் சேர்த்து நீக்கிவிடும். மற்றொன்று, அணைத்த போனில் பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி ரெக்கவரி மெனு வழியாக அழிப்பது. பின் நம்பர் தெரியாதவர் போகும் வழி இது. இதில் தகவல்கள் போய்விடும். ஆனால் கணக்கின் அடையாளம் நினைவகத்தில் தனியாக ஒதுக்கிய ஒரு சிறு பகுதியில் அப்படியே இருக்கும். மறுபடி ஆன் செய்ததும் கேள்வி கேட்பது அதுதான். ஐபோனில் இந்தப் பதிவு ஆப்பிளின் சர்வரில் இருக்கிறது. அழித்த ஐபோன் அங்கே கேட்டு அனுமதி வாங்கினால்தான் உயிர்பெறும்.

அமெரிக்க நகரங்களில் போன் பறிப்பு பெருகியபோது சான்பிரான்சிஸ்கோ, நியூயார்க் அரசு வழக்கறிஞர்கள் நிறுவனங்களை நெருக்கினார்கள். 2013இல் ஐஓஎஸ் 7உடன் ஆப்பிளும், 2015இல் ஆண்ட்ராய்டு 5.1உடன் கூகுளும் இந்தப் பூட்டைக் கொண்டுவந்தன. கலிஃபோர்னியாவில் 2015 ஜூலை முதல் சட்டமே இதைக் கட்டாயமாக்கியது. திருடியவனுக்கு உதிரி பாகங்களின் விலைதான் மிச்சம். அதனால்தான் சில திருடர்கள், "உங்கள் போன் கிடைத்துவிட்டது, இந்த லிங்கைத் திறந்து பாஸ்வேர்டைப் போடுங்கள்" என்று போனைப் பறிகொடுத்தவருக்கே செய்தி அனுப்பி ஏமாற்றப் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் இன்னொரு பூட்டும் உண்டு. *#06# அழுத்தினால் தெரியும், போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, போலீஸ் புகார் நகலுடன் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பதிந்தால், நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் அந்தப் போன் இயங்காது. வைஃபையை மட்டும் அது தடுக்காது. அங்கேதான் கணக்குப் பூட்டு கைகொடுக்கும்.

ஆனால் போனை விற்றவர் திருடரா, கணக்கை நீக்க மறந்த நல்ல மனிதரா என்று பூட்டுக்குத் தெரியாது. எனவே விற்பவர்கள் கணக்கை நீக்கிவிட்டு, செட்டிங்ஸ் வழியாக ரீசெட் செய்து கொடுங்கள். வாங்குபவர்கள் முகப்புத் திரை வரை போய்ப் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள். ஐஎம்இஐ எண்ணை இன்றே ஒரு தாளில் குறித்து வையுங்கள். போன் தொலைந்த பிறகு அதில் *#06# அழுத்திப் பார்க்க முடியாது.