கிரகணத்தைப் படம் பிடிக்கலாமா?

1995 அக்டோபர் 24 அன்று காலையில் நம் நாட்டில் முழு சூரிய கிரகணம் தெரிந்தது. ராஜஸ்தானில் நீம் கா தானா, மேற்கு வங்காளத்தில் டைமண்ட் ஹார்பர் ஆகிய ஊர்களில் பலர் கேமராவோடு காத்திருந்தார்கள். நிலா சூரியனை முழுவதும் மறைத்தது சுமார் ஒரு நிமிடம்தான். அதற்குள் படம் எடுக்க வேண்டும்.

கேமராவின் கதவுக்கு ஷட்டர் என்று பெயர். அது அதிக நேரம் திறந்திருந்தால் வெளிச்சம் கூடிப் படம் வெளுத்துவிடும். குறைந்த நேரம் திறந்தால் படம் கறுத்துவிடும். கிரகணத்தின்போது வெளிச்சம் சட்டென்று மாறும். நாமும் அளவை மாற்ற வேண்டும்.

சூரியன் கொஞ்சம் தெரிந்தாலும்:

லென்ஸின் முன்னால் சூரிய ஃபில்டர் மாட்ட வேண்டும். அது லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். ஃபில்டர் இல்லாத கேமரா வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. லென்ஸ் வெயிலைக் குவித்து விழித்திரையைச் சுட்டுவிடும். அப்போது வலி தெரியாது. பிறகுதான் பார்வை மங்கியது தெரியும். புகை படிந்த கண்ணாடியும் எக்ஸ்ரே ஃபிலிமும் பாதுகாப்பு அல்ல.

சூரியன் முழுவதும் மறைந்ததும்:

இப்போது ஃபில்டரைக் கழற்ற வேண்டும். சூரியனைச் சுற்றி வெள்ளி போன்ற ஒளி தெரியும். இதுதான் கரோனா. இதன் வெளிச்சம் சூரியனின் வெளிச்சத்தில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஃபில்டரோடு எடுத்தால் படம் விழாது.

கரோனாவின் உள்பக்கம் பளிச்சென்று இருக்கும். வெளிப்பக்கம் மங்கலாக இருக்கும். ஒரே படத்தில் இரண்டும் சரியாக விழாது. அதனால் பல படங்கள் எடுக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. அளவு 100, லென்ஸ் திறப்பு எஃப் 8 என்றால், ஷட்டர் நேரம் இப்படி இருக்கலாம்:

சூரிய விளிம்பின் சிவப்புச் சுடர் - 1/1000 வினாடி
உள் கரோனா - 1/250 வினாடி
நடுப் பகுதி - 1/15 வினாடி
வெளிப் பகுதி - 1/2 வினாடி

கேமரா ஆடாமல் இருக்க முக்காலியில் பொருத்த வேண்டும்.

வீடியோ கேமராவைத் தானாக இயங்க விடக் கூடாது. வானம் இருட்டாக இருப்பதால் அது அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். கரோனா வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அளவை நாமே வைக்க வேண்டும்.

விளிம்பில் வெயில் பொட்டுப்போல் எட்டிப் பார்த்ததும் கேமராவிலிருந்து கண்ணை எடுங்கள். உடனே ஃபில்டரை மாட்டுங்கள்.

இந்தியாவில் 2034 மார்ச் 20 அன்று லடாக் பகுதியில் முழு கிரகணம் தெரியும். அதற்கு முன் பௌர்ணமி நிலாவைப் படம் எடுத்துப் பழகலாம். வானத்தில் நிலாவும் சூரியனும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தெரியும்.