ஓடிச் செல்லுமுன் ஒரு கணம்

ஒருவர் விழுந்து கிடப்பதைக் கண்டால் உடனே ஓடிச் சென்று தூக்குவது எம்மவர்களின் இயல்பு. அந்த நல்ல மனமே சில வேளைகளில் இன்னோர் உயிரையும் பறித்துவிடுகிறது. ஆகவேதான், கட்டுப் போடக் கற்பதற்கு முன்பே, "இந்த இடத்தில் எனக்கு என்ன ஆபத்து இருக்கிறது?" என்று பார்க்க முதலுதவி கற்றுத் தருகிறது.

கிணற்றை எடுத்துக்கொள்வோம். நீர்ப்பம்பியைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்கினால், அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு உள்ளேயே தேங்கிவிடும். அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இறங்கியவர் மயங்கி விழுவார். மேலே நிற்கும் தம்பி "நானா!" என்று கத்திக்கொண்டு இறங்கினால் அவருக்கும் அதே கதிதான். எனவே யாரையும் இறங்க விடாமல், தீயணைப்புப் பிரிவை 110 இலும் பொலிஸாரை 119 இலும் அழைக்க வேண்டும். விழுந்தவருக்கு நினைவிருந்தால் கயிறு வீசலாம்.

அடுத்தது மின்சாரம். எமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று. பழுதான அயனைப் பிடித்தபடி பிள்ளை துடித்தால், எந்த உம்மாவின் கையும் முதலில் பிள்ளையைத்தான் நாடும். ஆனால் அந்த உடலினூடாக மின் உம்மாவையும் தாக்கும். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்த வேண்டும். அது முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று உலர்ந்த தடியால் வயரைத் தள்ளிவிடலாம். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டுமே பொருந்தும். வீதியில் அறுந்து விழுந்த கம்பியிலிருந்து நிலத்தினூடாகவும் மின் பரவக்கூடும். மின் வழங்கும் நிறுவனத்தினர் இணைப்பைத் துண்டிக்கும்வரை அதன் அருகே போகவே கூடாது.

வீதி விபத்திலோ வாகனங்கள் தொடர்ந்து வந்துகொண்டேயிருக்கும். ஒருவர் தள்ளி நின்று அவற்றுக்குச் சைகை காட்ட வேண்டும். மற்றவர் மோதிய வாகனத்தின் திறப்பைத் திருப்பி எஞ்சினை நிறுத்த வேண்டும். பெற்றோல் மணம் வந்தால் அங்கே யாரும் சிகரெட் பற்றவைக்க விடக்கூடாது. இரத்தத்தைத் தொட நேர்ந்தால், கையுறை இல்லாத இடத்தில் ஒரு பொலித்தீன் பையாவது கையில் இருக்கட்டும்.

கிட்டப் போக முடியாதபோதும் எம்மால் உதவ முடியும். 2016 இல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பமாகி இன்று நாடெங்கும் இயங்கும் சுவசெரிய அம்பியூலன்ஸை 1990 இல் இலவசமாக அழைக்கலாம். இடம், காயப்பட்டோரின் எண்ணிக்கை ஆகியவற்றோடு அங்குள்ள ஆபத்தையும் சொல்லுங்கள். "கம்பி அறுந்து கிடக்கிறது" என்ற ஒரு வசனம் வருபவர்களின் உயிரையும் காக்கும்.

ஓர் உயிரைக் காப்பதை எமது மார்க்கம் பெரும் நன்மையாகப் போற்றுகிறது. எமது சொந்த உயிரும் அல்லாஹ் தந்த அமானிதமே. நின்று பார்க்கும் அந்தச் சில வினாடிகளைக் கோழைத்தனம் என்று யாரும் எண்ண வேண்டியதில்லை.

எங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் இருக்கும் இடத்தைத் தம்பிக்கும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். இன்றிரவே உங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் காட்டிவிடுங்கள்.