ஒரு வரிசை உயிரணுக்கள்

ஆட்டின் இரைப்பையைக் கழுவி நறுக்கி, மிளகும் தேங்காயும் அரைத்துச் சேர்த்துக் குழம்பு வைத்து உண்டால், சில மணி நேரத்தில் அது நம் வயிற்றில் கூழாகிவிடுகிறது. நம் இரைப்பையும் அதைப் போன்றதொரு தசைப் பைதான். உண்ட இரைப்பையைக் கரைக்கும் அமிலம், தன்னைத் தாங்கியிருக்கும் இரைப்பையை ஏன் கரைப்பதில்லை? வயிற்றுப் புண் என்று கேட்டதும் அஞ்சும் நோயாளிகளுக்கும் அவர்களுடன் வரும் உறவினர்களுக்கும் நாம் முதலில் சொல்ல விரும்புவது இக்கேள்விக்கான விடையையே. அது விளங்கினால், புண் எதனால் உண்டாகிறது, மாத்திரைகளை ஏன் இடையில் நிறுத்தக் கூடாது, முழங்கால் வலிக்கு வாங்கிய மருந்து வயிற்றை ஏன் தாக்குகிறது என்பனவும் விளங்கிவிடும்.

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. ஒரு பணியில் ஒத்துழைக்கும் உயிரணுக்கள் கூடித் திசுவாகின்றன. உறுப்புகள் எத்தனையோ இருந்தாலும் அவற்றை ஆக்கியுள்ள திசுக்கள் அடிப்படையில் நான்கே: போர்த்திக் காக்கும் எபிதீலியத் திசு, தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசு, சுருங்கி விரியும் தசைத் திசு, செய்தி கடத்தும் நரம்புத் திசு. இந்நான்கும் ஓர் ஒழுங்கில் அடுக்கப்படும்போது உறுப்பு உருவாகிறது. இரைப்பையின் சுவரில் நான்கையும் ஒருங்கே காணலாம். வெளிப்பக்கம் தசை அடுக்குகள். அவற்றினிடையே நரம்புப் பின்னல். அதற்கு உள்ளே இரத்தக் குழாய்கள் ஓடும் இணைப்புத் திசு. எல்லாவற்றிற்கும் உட்புறத்தில், உணவு வந்து தொடும் பரப்பில், ஒரே ஒரு வரிசை எபிதீலிய உயிரணுக்கள். அந்த வரிசையின் தடிமன் ஒரு தலைமுடியின் தடிமனை விடக் குறைவு.

இரைப்பையைக் காப்பது இந்த ஒற்றை வரிசையே. நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 லிட்டர் இரைப்பை நீர் சுரக்கிறது. அதன் அமிலம் எலுமிச்சைச் சாற்றினும் கடுமையானது. மேற்பரப்பு உயிரணுக்களோ கெட்டியான கோழையைச் சுரந்து தம்மைப் போர்த்திக்கொள்கின்றன. அக்கோழைக்குள் காரத்தன்மையுள்ள பைகார்பனேட்டையும் கலந்துவிடுகின்றன. இரைப்பையின் நடுவே கொதிக்கும் அமிலம், கோழையைக் கடந்து உயிரணுவைத் தொடும் இடத்தில் கிட்டத்தட்டத் தண்ணீரின் தன்மைக்கு வந்துவிடுகிறது. இவ்வளவு காவல் இருந்தும் உயிரணுக்கள் தேயவே செய்கின்றன. ஆகவே உடல் அவற்றைப் பழுது பார்ப்பதில்லை; மாற்றிவிடுகிறது. மூன்று முதல் ஐந்து நாள்களுக்குள் பழைய வரிசை உதிர்ந்து, படலத்தின் நுண்ணிய குழிகளுக்குள்ளிருந்து புதிய வரிசை ஏறி வருகிறது. தோலின் மேலடுக்கு மாற நான்கு வாரம் ஆகிறது. இரத்தச் சிவப்பணு 120 நாள் வாழ்கிறது. மூளையின் நரம்பணுக்களில் பெரும்பாலானவை வாழ்நாள் முழுவதும் அவையேதாம். இன்று காலை உணவைத் தாங்கிய இரைப்பைப் பரப்பு சென்ற வாரம் இருக்கவில்லை என்பதை எண்ணும்போது நமக்கே வியப்பு உண்டாகிறது.

அருமனைப் பகுதியில் இதை விளக்க நமக்கு எளிதான உவமை ஒன்று வாய்த்திருக்கிறது. ரப்பர் பால் வெட்டுவோர், கத்தி எவ்வளவு ஆழம் போகலாம் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிவார்கள். பால் இருப்பது உட்பட்டையில். அதற்கும் தடிக்கும் இடையே, புதுப் பட்டையை உண்டாக்கும் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. கத்தி அதைத் தொடாதவரை, வெட்டிய இடத்தில் பட்டை மீண்டும் வளர்ந்து சில ஆண்டுகளில் மறுபடியும் வெட்டுக்கு ஆகும். தடியைக் கத்தி தொட்டுவிட்டால் அவ்விடம் முண்டு முண்டாகிப் போகும். குடலின் உட்படலமும் ஏறக்குறைய இப்படித்தான். சிராய்ப்பு மேலோடு நின்றால் வடுவின்றி ஆறிவிடுகிறது. படலம் முழுவதையும் துளைத்து அடியிலுள்ள அடுக்குவரை இறங்கினால் அதற்குப் பெயர் புண். அது ஆறும்போது வடுவும் விழுகிறது.

உட்படலம் என்பது வயிற்றுக்கு மட்டும் உரியதன்று. மூக்கிலிருந்து நுரையீரல் வரை மூச்சு செல்லும் வழியெங்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த படலம் விரிந்திருக்கிறது. உள்ளே வரும் காற்றைச் சூடாக்குவதும் ஈரமாக்குவதும் தூசியைக் கோழையில் பிடித்து வெளியே தள்ளுவதும் அதன் வேலை. அது கைவிட்டால் என்ன நேரும் என்பதைத் தம் உடலிலேயே கண்ட மருத்துவர் ஒருவர், பின்னர் நம் மாவட்டத்து வயிறுகளை ஆயிரக்கணக்கில் திறந்து பார்த்தவர் என்பதை இளைய வாசகர்கள் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல்.

இங்கிலாந்தின் கெண்டல் நகரில் 1890-இல் பிறந்த சாமர்வெல் அறுவை மருத்துவர், மலையேறுபவரும் கூட. 1924 ஜூன் 4-ஆம் நாள், அவரும் நார்ட்டனும் செயற்கை ஆக்சிஜன் இன்றி எவரெஸ்டின் உச்சியை நோக்கி ஏறினர். சாமர்வெல் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரத்தில் நின்றுவிட்டார். நார்ட்டன் இன்னும் சற்று மேலே சென்று திரும்பினார். அவ்வுயரத்தில் காற்று அடர்த்தி குறைந்தது, உறைய வைக்கும் குளிருடையது, ஈரமே அற்றது. வாயைத் திறந்து வேகவேகமாக இழுத்த மூச்சைச் சூடாக்கி ஈரமாக்கும் வேலையில் தொண்டையின் உட்படலம் தோற்றுப்போயிற்று. உறைந்து செத்துக் கழன்றது. இறங்கும் வழியில் அக்கழன்ற படலம் குரல்வளையை அடைத்துக்கொள்ள, அவரால் மூச்சு விடவும் முடியவில்லை, முன்னே செல்லும் நண்பரைக் கூப்பிடவும் முடியவில்லை. சாவை எதிர்பார்த்துப் பனியில் உட்கார்ந்தார். இறுதி முயற்சியாக இரு கைகளாலும் தம் மார்பை ஓங்கி அழுத்தினார். அடைப்பு வெளியே வந்தது, அவர் பிழைத்தார். நான்கு நாள் கழித்து உச்சியருகே மறைந்த மல்லோரியிடம் இருந்தது சாமர்வெல் இரவல் கொடுத்த காமிராதான். அது இன்றுவரை கிடைக்கவில்லை.

1922-ஆம் ஆண்டின் முதல் எவரெஸ்ட் பயணம் முடிந்தபின் அவர் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அப்போது நமக்குத் தெற்கே இரணியலை அடுத்த நெய்யூர் மருத்துவமனைக்கும் வந்தார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆர்ச்சிபால்ட் ராம்சே 1838-இல் அங்கு மருத்துவப் பணியைத் தொடங்கியிருந்தார். அறுவைக்காகக் காத்திருந்த கூட்டத்தையும் அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் இருந்த மருத்துவரையும் கண்ட சாமர்வெல், லண்டனில் காத்திருந்த வாய்ப்புகளை விட்டுவிட்டு நெய்யூரையே தம் இடமாக்கிக்கொண்டார். 1949 வரை இங்கிருந்து, பின்னர் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குச் சென்றார். எவரெஸ்ட் வீரர் என்று உலகம் அவரை அறியும். தென் திருவிதாங்கூர் மக்களுக்கு அவர் வயிற்று வலியைத் தீர்த்த டாக்டர். இந்த இரண்டாவது பெயரே பெரியது என்பது நம் கருத்து.

அவர் முன் வந்து நின்ற நோய்களில் முதன்மையானது முன்சிறுகுடல் புண். இரைப்பைக்கு அடுத்து வரும் இக்குடல் பகுதி 25 சென்டிமீட்டர் நீளம் மட்டுமே உடையது. பழங்கால அலெக்சாந்திரியாவின் உடற்கூற்று அறிஞர்கள் அதைப் பன்னிரண்டு விரற்கடை என்று அளந்தார்கள். டியோடினம் என்னும் பெயரும் அந்தப் பன்னிரண்டைக் குறிப்பதே. சிறிய இடமாயினும் உடலின் பல மண்டலங்கள் சந்திக்கும் கூடல் அது. இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவுக் கூழ் இறங்கியதும், குடற்சுவரின் உயிரணுக்கள் செக்ரிட்டின் என்னும் பொருளை இரத்தத்தில் விடுகின்றன. அது இரத்த ஓட்டத்தில் சென்று கணையத்தை அடைந்து, அமிலத்தை முறிக்கும் கார நீரைச் சுரக்கச் செய்கிறது. 1902-இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் இருவரும் இதைக் கண்டறிந்தனர். ஹார்மோன் ஒன்று அடையாளம் காணப்பட்டது அதுவே முதன்முறை. மூளையிலிருந்து இறங்கும் வேகஸ் நரம்போ, உணவின் மணம் பட்டவுடனேயே அமிலத்தைச் சுரக்க ஆணையிடுகிறது. செரிமானம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள், இரத்த ஓட்டம் என்று பாடநூலில் தனித்தனி அதிகாரங்களாகப் படிப்பவை, உடலுக்குள் இந்த ஒரு சாண் குடலில் ஒன்றாய் வேலை செய்கின்றன.

இங்கு விழும் புண் ஆறி, மீண்டும் புண்ணாகி, வடுமேல் வடு விழுந்து இறுகினால் இரைப்பையின் வாசல் சுருங்கிவிடும். நேற்று உண்டது இன்று வாந்தியாக வரும். நோயாளி எலும்பும் தோலுமாவார். அக்காலத்தில் இதற்குச் செய்யப்பட்ட அறுவை, இரைப்பையில் வேறொரு வழி திறந்து அதைக் கீழேயுள்ள சிறுகுடலோடு தைத்து இணைப்பது.

இந்நோய் தென் திருவிதாங்கூரில் மட்டும் ஏன் இத்தனை மிகுதி? சாமர்வெல்லும் அவருடன் பணியாற்றிய ஆரும் 1936-இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ ஏட்டில் இது பற்றி எழுதினர். குன்னூர் ஆய்வகத்தில் மெக்கரிசன், இப்பகுதி ஏழைகள் உண்ட உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது அவற்றுள் பலவற்றின் வயிற்றில் புண் தோன்றியது. கோதுமையும் பாலும் காய்கறியும் கொண்ட வடநாட்டு உணவை உண்ட எலிகளுக்குத் தோன்றவில்லை. பழி மரச்சீனியின் மேல் விழுந்தது. அரிசி எட்டாத வீடுகளில் பசியாற்றிய கிழங்கு அது. 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரவச் செய்த பயிர். மிளகாயும் புளியும் கவலையும் அடுத்தடுத்துப் பழியேற்றன. இன்றும் நம் வீடுகளில் வயிற்று வலி என்றதும் மரச்சீனியையும் மீன்கறியையும் விலக்கிவைப்பது அந்நாளைய எண்ணத்தின் எச்சமே.

முதன்மையான காரணம் வேறோரிடத்தில் இருந்தது. 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர்கள் இரைப்பைக் கோழையின் அடியில் வாழும் ஒரு பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினர். ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகளை வழக்கத்தினும் கூடுதல் நாள் அப்படியே விட்டுவிட்டதால்தான் அது கண்ணுக்குத் தெரிந்தது. அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று மருத்துவ உலகம் உறுதியாக நம்பியிருந்த காலம். 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி எனப்படும் இக்கிருமி தன்னைச் சுற்றி அமோனியாவை உண்டாக்கி அமிலத்தை முறித்துக்கொள்கிறது. கோழைப் போர்வையைக் குலைத்து, கீழுள்ள உயிரணு வரிசையை அமிலத்துக்குக் காட்டிக்கொடுக்கிறது. உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இது உண்டு என்பதும், அவர்களில் சிலருக்கே புண் வருகிறது என்பதும் உண்மை. ஆகவே உணவுக்கும் ஓரளவு பங்கு உண்டு என்னும் வாதம் மருத்துவ ஏடுகளில் முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. நெய்யூரில் கத்தியால் மட்டுமே தீர்க்க முடிந்த நோயை இன்று பெரும்பாலும் 14 நாள் மாத்திரைகள் தீர்த்துவிடுகின்றன. ஐந்தாம் நாள் வலி நின்றதும் மாத்திரையை நிறுத்துவோர்தாம் நமக்குக் கவலையளிக்கின்றனர். வலி நிற்பது அமிலம் குறைந்ததால். கிருமி அப்போதும் உயிரோடு இருக்கும். தப்பிப் பிழைத்த கிருமி அதே மருந்துக்கு மறுமுறை அடங்காமலும் போகலாம்.

கிருமியை அடுத்த பெருங்காரணம், நாமே கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள். டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் போன்றவை புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உண்டாவதைத் தடுத்து வலியைக் குறைக்கின்றன. இரைப்பையில் கோழையையும் பைகார்பனேட்டையும் இரத்த ஓட்டத்தையும் பேணுவது அதே பொருள்தான். முழங்காலில் தடுக்கும்போது வயிற்றிலும் தடுபடுகிறது. ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குத் தீங்கில்லை என்று பலர் நினைக்கின்றனர். அது சரியன்று, ஊசி மருந்தும் இரத்தத்தின் வழியே இரைப்பையை அடைகிறது. அதிகாலையில் எழுந்து நாளெல்லாம் குனிந்து நிமிர்ந்து உழைப்போருக்கு மூட்டு வலி மாத்திரை அன்றாட உணவாகிவிடுவதை அறிவோம். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. மருத்துவரிடம் கேட்டால் வேறு வழிகள் உண்டு. இதயத்துக்காகச் சிறு அளவில் ஆஸ்பிரின் உட்கொள்வோர் மட்டும், இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

புகையிலை புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. பால் எரிச்சலைச் சற்று நேரம் தணித்தாலும் பின்னர் அமிலச் சுரப்பைத் தூண்டவே செய்கிறது. பால் குடித்தே புண்ணை ஆற்றிவிடலாம் என்பதற்கில்லை.

தார் போலக் கறுத்து ஒட்டும் மலம், காப்பித்தூள் நிறத்தில் வாந்தி, வயிறு பலகை போல இறுகித் திடீரென எழும் கடும் வலி ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால் இரவென்றும் பாராமல் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். முன்சிறுகுடலின் பின்சுவரை ஒட்டி ஒரு தமனி ஓடுகிறது. புண் அதை அரித்துவிட்டால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து நேரும். இரும்புச் சத்து மாத்திரை உண்போருக்கும் மலம் கறுப்பாகப் போகும் என்பதால், என்னென்ன மாத்திரைகள் உட்கொள்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அட்டைகளையே கையோடு கொண்டுவருவது இன்னும் நல்லது.

எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறித்திருப்போர் முந்தைய இரவு உணவுக்குப்பின் எதுவும் உண்ணாமல், தங்களுக்குச் சொல்லப்பட்ட நேரத்துக்குப்பின் தண்ணீரும் அருந்தாமல் வர வேண்டும். கிருமிப் பரிசோதனையும் இருப்பின், அமிலம் குறைக்கும் மாத்திரைகளை இரண்டு வாரத்துக்கு முன்பும் ஆன்டிபயாடிக் மருந்துகளை நான்கு வாரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டியிருக்கும். எதை, எப்போது என்பதை மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள். குழாய் உள்ளே இருக்கும் சில நிமிடங்களில் திரையைப் பார்க்க உடன் வந்தோருக்கு வாய்ப்புக் கிடைத்தால் பாருங்கள். ஈரமாய், இளஞ்சிவப்பாய், விளக்கொளியில் பளபளத்துத் தெரிவதுதான் நாம் இதுவரை பேசிய உட்படலம்.