திரையில் பேசும் தலைமுறைகள்

நுழையும்முன்

ஒரே கூரையின்கீழ் ஒரே மொழியைப் பேசி வாழ்வோரும் ஒருவரையொருவர் முழுமையாகப் புரிந்துகொள்வதில்லை. முதியோர் சொல்லாமல் உணர்த்துவன உண்டு. இளையோர் கவனியாமல் கடந்து செல்வனவும் உண்டு. அன்றாட விரைவில் நம் கண்ணுக்குத் தப்பிவிடும் இந்த உரையாடலை நின்று காணச் செய்யும் கலை திரைப்படம்.

உடலும் பேசும்

கருத்துப் பரிமாற்றம் சொல்லால் மட்டும் நிகழ்வதன்று. குரலின் ஏற்ற இறக்கம், பார்வை, தொடுகை, விலகி அமர்தல், அமைதி, ஒருவர் மற்றவர்க்குத் தரும் பொருள் ஆகிய அனைத்தும் பேசுகின்றன. உள்ளத்து உணர்வு உடல்வழி வெளிப்படுவதை விளக்கத் தொல்காப்பியர், பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் எனத் தனி இயலே வகுத்தார். அதில் எட்டு மெய்ப்பாடுகளைக் குறிப்பிடுகிறார். நாடக அரங்கின் கடைசி வரிசையில் இருப்பவர்க்கு நடிகரின் இமையசைவு எட்டாது. திரைப்படத்தின் அண்மைக் காட்சியோ அதனை எல்லார்க்கும் பொதுவாக்குகிறது.

தோசையான அன்பு

மணிகண்டன் இயக்கி 2015இல் வெளிவந்த ‘காக்கா முட்டை’ திரைப்படத்தில், சென்னைக் குடிசைப் பகுதியில் வாழும் சிறுவர் இருவர் பீட்சா உண்ண விரும்புகின்றனர். விளம்பரத் தாளிலுள்ள படத்தைப் பார்த்து, அவர்களுடைய பாட்டி தோசை மாவின்மீது காய்களைத் தூவிச் சுட்டுத் தருகிறார். பேரன்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர்கள் சுவையைப் பற்றிப் பேசுகின்றனர். பாட்டியோ அன்பைப் பரிமாறியிருக்கிறார். “உங்கள் ஆசை எனக்குத் தெரியும்” என்று அவர் வாயால் சொல்லவில்லை; அடுப்பருகே நின்று சொல்லியிருக்கிறார். பார்வையாளராகிய நமக்குப் புரிவது, அந்த வீட்டிலிருக்கும் சிறுவர்க்கு அப்பொழுது புரியவில்லை.

பணிவான சொல், விலகிய மனம்

இதற்கு மாறான நிலையை ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953) காட்டுகிறது. ஓனோமிச்சி என்னும் ஊரிலிருந்து முதிய பெற்றோர் தம் பிள்ளைகளைக் காண டோக்கியோவுக்கு வருகின்றனர். மகன் மருத்துவர்; மகள் அழகு நிலையம் நடத்துபவர். இருவருக்கும் நேரமில்லை. பெற்றோரை அதாமி என்னும் வெந்நீரூற்று ஊருக்கு அனுப்பிவைக்கின்றனர். வெளிப்பார்வைக்கு அஃது உபசாரம், உண்மையில் விலக்கல். போரில் இறந்த மகனின் மனைவி நோரிக்கோ மட்டுமே, தம் அலுவலகத்தில் விடுப்புப் பெற்று அவர்களுக்கு நகரைச் சுற்றிக் காட்டுகிறார். மூதாட்டி மறைந்தபின், அவருடைய கடிகாரத்தை மாமனார் நோரிக்கோவிடம் அளிக்கிறார். பிள்ளைகள் தராத நேரத்தைத் தந்தவர்க்குக் கடிகாரமே நன்றியாகிறது.

காயப்படுத்தும் குறிப்புகள்

சொல்லற்ற மொழி எப்பொழுதும் அன்பின் மொழியன்று. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ (1955), வங்காளச் சிற்றூர் ஒன்றின் வறிய குடும்பத்தைக் காட்டுகிறது. சிறுமி துர்கா, முதிய அத்தையான இந்திர் தாக்ருணுக்காகப் பழத்தைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து வைக்கிறாள். அதனைக் கண்ட அத்தையின் பொக்கைவாய்ச் சிரிப்பே அவளுக்குக் கிடைக்கும் விடை. ஆனால், துர்காவின் தாய் சர்பஜயாவின் கடுஞ்சொல்லும் முகத்திருப்பலும் அம்மூதாட்டியை வீட்டைவிட்டு வெளியேற்றுகின்றன. சர்பஜயாவைக் கொடியவராக ராய் காட்டவில்லை. வறுமை ஒருவரின் குரலையும் முகத்தையும் எவ்வாறு கடினமாக்குகிறது என்பதையே காட்டுகிறார். எனினும், உடல்நலம் குன்றித் திரும்பிவரும் மூதாட்டிக்கு அவ்வீட்டில் இடம் கிடைக்கவில்லை. பின்னர் அவர் மூங்கில் தோப்பில் இறந்துகிடப்பதைக் குழந்தைகளே காண்கின்றனர்.

காலத்தில் சேர வேண்டிய சொல்

மூன்று நாடுகளின் கதைகள் அல்ல இவை. இரண்டு நாடுகளின் மூன்று மொழிக் கதைகள். எனினும் ஓர் ஒற்றுமை உண்டு. மூன்றிலும், கதை முடிவதற்குள் முதியவர் ஒருவர் மறைந்துவிடுகிறார். அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய சொல் எஞ்சி நிற்கிறது. அச்சொல்லைத் தேடும் பொறுப்பு இளையோர்க்கு மட்டும் உரியதன்று; மனத்தில் உள்ளதை வாய்திறந்து கூறும் பொறுப்பு மூத்தோர்க்கும் உண்டு. குறிப்பறிதல் ஒரு பண்பு. குறிப்பை மட்டுமே நம்பியிராமல் உரிய காலத்தில் சொல்லிவிடுதல் மற்றொரு பண்பு. ஒரு குடும்பத்தின் தலைமுறைகளை இணைக்க இரண்டும் வேண்டும்.

திரையரங்கில் ஒரு பாட்டியின் முகத்தை நாம் இமைக்காமல் பார்க்கிறோம். அந்தப் பொறுமையில் ஒரு பகுதியையேனும் நம் வீட்டுப் பாட்டிக்கு அளிக்கலாம். சாப்பிட்டாயா என்று அவர் மூன்றாம் முறை கேட்கும்பொழுது, அவர் கேட்பது உணவைப் பற்றி மட்டுமா என்று எண்ணிப் பார்க்கலாம்.

கற்பவை கற்றபின்

உங்கள் வீட்டு முதியவருடன் அமர்ந்து ஒரு திரைப்படத்தைப் பாருங்கள். பேச்சில்லாத ஒரு காட்சியை இருவரும் எவ்வாறு புரிந்துகொண்டீர்கள் என்பதை அவருடன் உரையாடி, வேறுபாடுகளைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.